கரைக்கும் கறைக்கும் நடுவே ஒரு ஹோய்

படகுப் பாட்டு என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு ஹோய் இருக்கும். பாடகர் ஒரு வரியை நீட்டி முழக்கிப் பாடி முடிப்பார். நாலைந்து பேர் சேர்ந்து ஏலேலோ என்று இழுப்பார்கள். அந்த இழுவையின் வாலை ஒரே வெட்டாக வெட்டுவதுபோல ஒருவர் மட்டும் "ஹோய்!" என்பார். கேட்பவர்கள் அந்த ஹோயைத் தனியாக நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அது விழாவிட்டால் படகு இருந்த இடத்தைவிட்டு அங்குலம்கூட நகராது என்பது ஹோய்க்காரரின் உறுதியான அபிப்பிராயம்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை வங்கியில் மட்டும் கூப்பிடுவார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். கேசட் அட்டைகளில் அந்தப் பெயர் வந்ததே இல்லை. பெரிய எழுத்தில் பாடகர் பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் பாடகி பெயர், அதற்கும் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், "மற்றும் குழுவினர்". குழுவினர் என்றால் இவர். மேளக்காரரும் இன்னும் இரண்டு பேரும் ஏலேலோவுக்குக் குரல் கொடுத்தாலும், ஹோய் இவருடையது மட்டுமே.

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவர் மனைவி அவரைப் பன்மையில் கூப்பிட ஆரம்பித்தாள்.

"குழுவினர் எல்லாரும் கை கழுவியாச்சா? சாப்பாடு ஆறுது."

"ஒரு ஆளுதான் இருக்கேன்."

"மத்தவங்க வெளியே போயிருக்காங்களா? சரி, நீங்க மட்டும் சாப்பிடுங்க."

அவர்களுடையது சலவைக்கடை. சரியாகச் சொன்னால் மனைவியுடையது. அவளுடைய அப்பா வைத்துவிட்டுப் போனது. துவைப்பதும் கறை எடுப்பதும் உள்ளறையில் அவள் வேலை. வாங்கி வைப்பதும் இஸ்திரி போடுவதும் முன்னறையில் இவர் வேலை. துணி கொண்டுவந்தவர் எதிரிலேயே அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கறை இருந்தால் அப்போதே உரக்கச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வாங்கிவிட்டால், "நான் குடுக்கிறப்ப பளிச்சுன்னு இருந்துச்சு, நீங்கதான் கெடுத்துட்டீங்க" என்று நாளைக்கு வந்து நிற்பார்கள். அதனால் இவர் ஒவ்வொரு துணியையும் தூக்கிப் பிடித்து, வந்தவர் காதிலும் விழுகிற மாதிரி, உள்ளே மெஷின் சத்தத்தைத் தாண்டி மனைவி காதிலும் விழுகிற மாதிரி கத்துவார்: "கறை தெரியுது... மை!" அல்லது, "கறை தெரியுது... துரு!" உள்ளே அவள் அதற்கேற்ற பாட்டிலை எடுத்து வைப்பாள்.

இந்தக் கறையில் வருகிற பெரிய ற அவருக்குச் சும்மா வந்ததல்ல. கல்யாணமான புதிதில் ஒரு ஹோட்டலிலிருந்து அழகான மேசைவிரிப்பு ஒன்று வந்தது. நாலு பக்கமும் சிவப்புக் கரை, நட்டநடுவில் எண்ணெய்க் கறை. அப்போது அவருடைய நாக்கு சோம்பேறி நாக்கு. சின்ன ர, பெரிய ற எல்லாம் அதற்கு ஒன்றுதான். "கரையை எடுத்துடணுமாம்!" என்று கத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். உள்ளே அவள் கத்தரிக்கோலை எடுத்து நாலு பக்கக் கரையையும் ஒழுங்காக வெட்டி எடுத்து, ஓரத்தை மடித்துத் தைத்து, துவைத்து அனுப்பினாள். எண்ணெய்க் கறை மட்டும் நடுவில் பத்திரமாக இருந்தது.

அன்று சாயங்காலமே அவள் சட்டம் போட்டாள். "துணி ஓரம்னா கரை. நாக்கு லேசா பட்டுட்டு வந்தா போதும். அழுக்குன்னா கறை. நாக்கால மேலே ஒரு குத்து குத்துங்க. குத்தலைன்னா நான் உங்களைக் குத்துவேன்."

கண்ணாடி முன்னால் நின்று பழகினார். பிறகு அவர் வாயில் வருகிற ற, கதவில் தாழ்ப்பாள் விழுகிற மாதிரி விழும்.

இந்தக் குரலைத்தான் மாஸ்டர் கண்டுபிடித்தார். ஜன்னல் திரை ஒன்றைச் சலவைக்குப் போட வந்தவர், "கறை தெரியுது... காபி!" என்ற முழக்கத்தைக் கேட்டு, திரையை மறந்துவிட்டு, "ஐயா, ஒரு தடவை ஹோய்னு சொல்லுங்க" என்றார். இவர் சொன்னார். பக்கத்துக் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று எழுந்து வந்தார். மாஸ்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

மாஸ்டர் டயர்க் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பாட்டுப் போட்டு, கேசட்டாக்கி, தானே விற்கிறவர். அவர் போட்ட முதல் படகுப் பாட்டு சக்கைப் போடு போட்டது. அதிலிருந்து அவர் படகைவிட்டு இறங்கவே இல்லை. சோகப் படகு, கல்யாணப் படகு, ஓட்டைப் படகு, காலையில் கிளம்பும் படகு என்று போட்டுத் தள்ளினார். வேடிக்கை என்னவென்றால், அந்த அறையில் இருந்த யாரும் படகில் கால் வைத்ததில்லை. பெரிய பாடகரை எல்லோரும் கப்பல் என்றுதான் கூப்பிடுவார்கள். அது உடம்பைப் பார்த்து வைத்த பெயர். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அவருக்குக் குமட்டும். கவிஞர் படகைப் பற்றி அறிந்ததெல்லாம் அவர் வீட்டுக் காலண்டர் படத்திலிருந்து. அந்தப் படத்தில் படகு வலமிருந்து இடமாகப் போகும். அதனால் அவருடைய எல்லாப் பாட்டிலும் காற்று வலப்பக்கத்திலிருந்துதான் அடிக்கும்.

பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன. முடிவெட்டும் கடையில், பஸ்ஸில், பல் டாக்டர் வீட்டு வாசலில். ஆனால் ஹோய்க்காரரின் கஷ்டம் ஹோய்க்காரருக்குத்தான் தெரியும். "இந்தப் பாட்டுல நான் இருக்கேன்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். "அப்படியா, எங்கே?" என்பார் அவர். "இதோ வருது, கேளுங்க, இதோ..." அந்த நேரம் பார்த்து யாராவது தும்முவார்கள். ஹோய் போயே போய்விடும். அடுத்த ஹோய்க்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும்.

அதைவிடப் பெரிய அடி மச்சான் கொடுத்தது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. எதையும் சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்திருப்பவன்.

"அது நீங்கதான்னு எப்படி அத்தான் நம்புறது? ஹோய்னு நானும்தான் சொல்வேன்."

"எங்கே, சொல்லு பார்ப்போம்."

"ஹோய்!" என்றான் மச்சான்.

நன்றாகவே இருந்தது. அதுதான் பிரச்சினை. அன்று இரவு இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே ஒரு வரி, முழு வரி, தனியாகப் பாட வேண்டும். அட்டையில் பெயர் வர வேண்டும். இல்லாவிட்டால் ஊரில் யார் வேண்டுமானாலும் தன்னை ஹோய்க்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஆகிவிடும்.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னார். மாஸ்டரும் இளகிய மனசுக்காரர்தான். "தனி வரி பாடினா தனிப் பெயர் போட்டுத்தான் ஆகணும். சமயம் வரட்டும்" என்றார்.

சமயம் வந்தது. புதிய பாட்டில் காதலனும் காதலியும் ராத்திரி முழுக்கப் படகில் போகிறார்கள். விடியும்போது படகோட்டி எழுந்து நின்று ஒரு வரி பாட வேண்டும். கப்பல் மறுத்துவிட்டார். "நான் காதலன். பாதியில எப்படி நான் படகோட்டியா மாறுவேன்? அப்ப அந்தப் பொண்ணுகிட்ட யாரு உட்கார்ந்திருப்பா?" நியாயமான கேள்வி. வரி ஹோய்க்காரருக்கு வந்தது.

"வரி என்ன மாஸ்டர்?"

கவிஞர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "கரை தெரியுது... அதோ, கரை தெரியுது."

ஹோய்க்காரரின் நாக்கு கடைப் பழக்கத்தில் மேலே குத்தப் போனது. ஆனாலும் கேட்டார், "அதுக்கப்புறம் வர்ற ஹோய்?"

"அதை மேளக்காரர் சொல்லிக்குவார்."

"நானே சொல்லிடறேனே மாஸ்டர்?"

"தானே கூப்பிட்டு, தானே பதில் சொல்ற ஆளை நம்பி யாராவது படகுல ஏறுவாங்களா? வரியா, ஹோயான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

வரி என்றார். ஹோயை விட மனசில்லை, ஆனாலும் வரி என்றார்.

பதிவு நாளன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் "கரை, கரை" என்று நாக்கை இறகு மாதிரி வைத்துச் சொல்லிப் பழகிக்கொண்டே போனார். அறைக்குள் எல்லாம் ஒரே மைக், ஒரே மூச்சு. யார் தப்புச் செய்தாலும் மொத்தப் பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இத்தனை காலமும் இவர் மேளத்துக்குப் பின்னால், சுவரோரமாக, கப்பலின் முதுகைப் பார்த்தபடி நின்றே ஹோய் சொல்லியிருக்கிறார். இன்றுதான் முதல் தடவையாக முன்னால், மாஸ்டருக்கு நேர் எதிரில் நிறுத்தினார்கள். மாஸ்டர் கையை உயர்த்தினார். கை காட்டும்போது பாட வேண்டும்.

ஹோய்க்காரர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டரின் சட்டையைப் பார்த்தார்.

அது ராசிச் சட்டை. முதல் படகுப் பாட்டுப் பதிவன்று போட்டிருந்தது. அன்று அதன்மேல் டீ கொட்டியது. அன்று பாட்டு ஓகோவென்று போனது. அதிலிருந்து எல்லாப் பதிவுக்கும் அதே சட்டை, துவைக்காமல். சட்டைப்பைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, ஓரமெல்லாம் பழுப்பேறிப்போய், நடுவில் கொஞ்சம் வெளுத்து, கறை என்றால் அப்படியொரு கறை.

கப்பல் பாடினார், பாடகி பாடினார், ஏலேலோ வந்தது, மேளம் ஓய்ந்தது, மாஸ்டர் கை காட்டினார்.

"கறை தெரியுது!" என்று ஹோய்க்காரர் பாடினார். தாழ்ப்பாள் விழுந்தது.

"நிறுத்துங்க!" என்றார் கவிஞர். "ஐயா, நான் எழுதினது சின்ன ர. நீங்க பாடினது பெரிய ற. ராத்திரி பூரா அவன் தோள்ல சாஞ்சுட்டு வந்திருக்கா அந்தப் பொண்ணு. விடிஞ்சதும் அவளைப் பார்த்துக் கறை தெரியுதுன்னா, தண்ணியில குதிச்சிடுவா."

"மன்னிச்சுக்குங்க. வாய் தவறிடுச்சு."

மறுபடி முதலிலிருந்து. மறுபடி கப்பல், பாடகி, ஏலேலோ, ஓய்வு. ஹோய்க்காரர் கரை கரை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். மாஸ்டர் கை காட்டினார். கை காட்டியபோது சட்டை விரிந்தது. விரிந்தபோது கறை இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"கறை தெரியுது... டீ!"

பிறகு மேளக்காரர், "நல்ல யோசனை, நானே கேட்கலாம்னு இருந்தேன்" என்று குச்சியைக் கீழே வைத்தார். மாஸ்டரும் அப்படியே புரிந்துகொண்டு எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினார்.

டீக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடிப் பார்த்தார். கை காட்டியது தெரியாமல், காதலி பாதி பாடிக்கொண்டிருக்கும்போதே கரையைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். ரகரம் என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது. கூரையைப் பார்த்துப் பாடினார், இருமல் வந்தது. கப்பல் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"மாஸ்டர், அந்த வரியே வேண்டாம். விடிஞ்சா கரை எல்லாருக்கும்தான் தெரியும், இவர் வேற தனியா சொல்லணுமா?"

மாஸ்டர் மோவாயைத் தடவினார். "கடைசியா ஒரு தடவை பார்ப்போம். வரலைன்னா வரியை எடுத்துடலாம். நீங்க வருத்தப்படக் கூடாது. வழக்கம்போல பின்னால நின்னு ஹோய் சொல்லுங்க."

அப்போதுதான் படியேறி மனைவி வந்தாள். மூச்சு வாங்கியது.

"கடைச் சாவியையும் சட்டைப்பையில போட்டுக்கிட்டு வந்துட்டீங்களே! வாசல்ல மூணு பேரு மூட்டையோட..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அவள் கண் மாஸ்டரின் சட்டைக்குப் போய்விட்டது. "டீ," என்றாள் மெதுவாக. "பால் டீ. ரொம்பப் பழசு."

ஹோய்க்காரர் அவளை ஓரமாக இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் அவள் குழுவினரைப் பற்றி ஏதாவது சொல்வாள். இன்று சொல்லவில்லை. அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு நேராக மாஸ்டரிடம் போனாள்.

"மாஸ்டர், சட்டையைக் கழட்டுங்க."

"அய்யோ, அது ராசிச் சட்டைம்மா!"

"ராசி சட்டையில இருக்கா, கறையில இருக்கா?"

இப்படி ஒரு கேள்வியை மாஸ்டர் எதிர்பார்க்கவில்லை. கவிஞரைப் பார்த்தார். கவிஞர் கப்பலைப் பார்த்தார்.

"சட்டையிலதான்," என்றார் மாஸ்டர் கடைசியில், கொஞ்சம் சந்தேகமாக.

"அப்ப நல்லதாப் போச்சு. கறையை நான் எடுத்துக்கறேன், சட்டையை நீங்க வச்சுக்குங்க."

மாஸ்டர் பனியனோடு நின்றார். அறை மூலையில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. பாட்டு முடிகிறவரை குழாயைத் திறக்கக் கூடாது, சத்தம் வரக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டு மாஸ்டர் கையை உயர்த்தினார். அவள் வாளி முன்னால் குந்தி, சட்டையை மெல்ல முக்கி மெல்ல எடுத்தாள். களக், களக் என்று சின்னதாக ஒரு தண்ணீர்ச் சத்தம். படகுப் பாட்டுகளில் அதுவரை தட்டில் கடுகை ஆட்டித்தான் தண்ணீர்ச் சத்தம் கொண்டுவந்தார்கள். மாஸ்டரின் புருவம் உயர்ந்தது, ஆனால் நிறுத்தவில்லை.

கப்பல் பாடினார். பாடகி பாடினார். ஏலேலோ வந்தது.

கவிஞருக்கு இந்தக் கட்டத்தில் வேலை ஒன்றும் இல்லை. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவர் உதவுகிற மனசுக்காரர். கப்பலின் தொண்டைக்கென்று டீயோடு தனியாக வந்த கெட்டிலில் இன்னும் கொதிநீர் இருந்ததைப் பார்த்தார். சுடுதண்ணீர் ஊற்றினால் கறை சீக்கிரம் போகுமே என்று நினைத்து, கெட்டிலைத் தூக்கிக்கொண்டு பூனை நடை நடந்து வாளியை நோக்கிப் போனார்.

மேளம் ஓய்ந்தது. மாஸ்டர் கை காட்டினார். எதிரில் வெறும் பனியன், புத்தம் புதுசு, பொட்டு அழுக்கில்லை. ஹோய்க்காரரின் நாக்கு இறகாகி மேலே தொட்டுவிட்டு வந்தது.

"கரை தெரியுது... அதோ, கரை தெரியுது..."

பால் டீக் கறையில் கொதிநீர் பட்டால் பால் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும்; அதற்கப்புறம் அந்தக் கறை சட்டை கிழிகிறவரை போகாது. கவிஞர் கெட்டிலைச் சாய்த்தார். மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹோய்!"

அடிவயிற்றிலிருந்து வந்தது அது. மேளக்காரர் தான் சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டு, தன்னையறியாமல் மேளத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தார். கப்பல் எழுந்து அடுத்த வரியைப் பிடித்தார். பாட்டு நிற்காமல், இதுவரை எந்தப் பாட்டும் போகாத வேகத்தில், போய் முடிந்தது. கவிஞர் மட்டும் கெட்டிலோடு சிலை மாதிரி நின்றிருந்தார்.

"மறுபடி எடுக்கணுமா மாஸ்டர்?" என்றார் ஹோய்க்காரர்.

மாஸ்டர் பனியனைப் பிடித்துக்கொண்டு, "யாரும் எதையும் தொடாதீங்க" என்றார்.

கேசட் வந்தது. அட்டையில் மூன்றாவது வரியில் அவர் பெயர், தலைப்பெழுத்தோடு, கண்ணாடி இல்லாமல் படிக்கிற எழுத்தில். அதை இஸ்திரி மேசைக்கு மேலே ஒட்டி வைத்தார். துணி கொடுக்க வந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். மச்சானும் வந்தான். அட்டையைப் படித்தான், பாட்டைக் கேட்டான், முழுசாகக் கேட்டான், ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

"அத்தான்," என்றான்.

"சொல்லு." ஹோய்க்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"யாரு அத்தான் அந்த ஹோய்? மயிர்க்கூச்செறியுது!"

மச்சான் மட்டுமல்ல, முடிவெட்டும் கடையிலும் அதே பேச்சு, பஸ்ஸிலும் அதே பேச்சு. கரை தெரிந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. ஹோய் வந்ததும் பஸ்ஸில் பாதிப் பேர் கூடவே ஹோய் என்றார்கள். இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு மனிதன் தன் வரியைப் பற்றிப் பெருமைப்படுவதா, தன் ஹோயைப் பறிகொடுத்ததற்குப் பொறாமைப்படுவதா, அதுவும் சொந்தப் பெண்டாட்டி மேல்?

அடுத்த பாட்டுக்கு மாஸ்டர் ஆள் அனுப்பினார். இது புயல் பாட்டு. கரையே கிடையாது, அதனால் படகோட்டி வரியும் கிடையாது. "உங்க வீட்டம்மாவை மட்டும் அனுப்பினா போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"நீங்க வேணாம்னு சொன்னா நான் போகலை," என்றாள் அவள்.

"சேச்சே! நான் எதுக்குச் சொல்லப்போறேன்? போயிட்டு வா."

புடவையைச் சரிசெய்துகொண்டு வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். அவள் பயந்து அவர் பார்த்ததில்லை. "ஏங்க, அன்னிக்குக் கவிஞரைத் திட்ட வாயைத் திறந்தது, தானா வந்துச்சு. இன்னிக்கு வேணும்னே சொல்லணுமே. ஹோய்னு எங்கேர்ந்து எடுக்கணும்? வயித்துலேர்ந்தா, தொண்டையிலேர்ந்தா?"

ஹோய்க்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார். ஒரு சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்தார்.

"தொண்டையிலேர்ந்து," என்றார், நிமிராமல்.

"சரிங்க," என்று போய்விட்டாள்.

காலரைத் தேய்த்தார். இன்னொரு காலரையும் தேய்த்தார். தொண்டையிலிருந்து எடுத்தால் ஹோய் கீச்சென்று வரும், கோழியை மிதித்த மாதிரி. அறையில் கப்பல் சிரிப்பார். மேளக்காரர் சிரிப்பார். அவள் முகம் சுருங்கும். மூலையில் அந்த வாளி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல். இவர் சொன்னதைத்தானே செய்தாள்?

பெட்டியை அப்படியே வைத்துவிட்டுத் தெருவில் பாய்ந்தார்.

பஸ் கிளம்பிவிட்டது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. செருப்பு ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே கத்தினார்.

"வயித்துலேர்ந்து! வயித்துலேர்ந்தும்மா!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "யாருக்கு வயித்துல என்ன?" என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "வண்டியை நிறுத்தவா பெரியவரே?"

"நிறுத்தாதீங்க, அவ போகணும்! இந்தாம்மா, தொண்டையை விட்டுடு! அடிவயித்துல பிடி! நான் பொய் சொல்லிட்டேன்!"

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். கோபமாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தாள்; அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே அது நின்றது.

"ஏங்க," என்று கத்தினாள், அடிவயிற்றிலிருந்தே, "இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வச்சீங்களா?"

ஹோய்க்காரர் நடுத்தெருவில் நின்றார். ஒரு கணம் யோசித்தார். பிறகு வந்ததைவிட இரண்டு மடங்கு வேகமாகக் கடையைப் பார்த்துத் திரும்பி ஓடினார்.